பந்து உருளாத மேசை

விருதுநகரில் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "என்ன வேலை பாக்குறீக?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல படம் போடுறேன்" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிடுவேன். முன்பெல்லாம் பின்பால் மெஷின் டிசைன் செய்கிறேன் என்று பெருமையாகச் சொல்வேன். கேட்டவர் முழிப்பார். நான் சாம்பார் ஆறிப்போகும்வரை விளக்குவேன். இப்போது விளக்கப் பிடிப்பதில்லை. விளக்க ஆரம்பித்தால் வயிறு எரிகிறது.

இங்கே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரத்தில் நான்கு கால் வைத்த நீளப் பெட்டி. மேலே கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில், ஆடுகிறவரை நோக்கிச் சற்றே சரிந்த மரப்பலகை. ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் ஒரு எஃகுப் பந்து பலகையின் உச்சிக்குப் போய், அங்கங்கே நிற்கும் தடைகளில் மோதிக்கொண்டு கீழே வரும். கீழே இரண்டு மட்டைகள் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பொத்தானை அமுக்கினால் மட்டை துள்ளி எழுந்து பந்தை மறுபடி மேலே விரட்டும். இரண்டு மட்டைக்கும் நடுவில் பந்து விழுந்தால் போச்சு. பலகைக்கு மேல் ஒரு தலைப்பெட்டி நிமிர்ந்து நிற்கும். அந்தக் காலத்தில் அதில் எண்கள் சுழன்றன. பிறகு ஆரஞ்சு நிறப் புள்ளிகளில் எழுத்து ஓடியது. இப்போது டிவி வந்து உட்கார்ந்திருக்கிறது. என் கதை அந்த டிவி தலைப்பெட்டியிலிருந்து கீழே இறங்கி வந்த கதை.

சென்னையில் ஒரு மாலின் விளையாட்டுக் கூடத்தில் வெளிநாட்டு மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பால் மெஷினின் பலகையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். மேலே நிற்கும் ஒவ்வொரு தடைக்கும் அடியில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு காயில்; மின்சாரம் பாய்ந்தால் அதுதான் உதைக்கும். ஒவ்வொரு காயிலுக்கும் வயர், தகடு, திருகு. எல்லாவற்றையும் யாரோ கையால் பொருத்தி, கையால் கட்டியிருப்பார்கள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து நான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வித்தைக்கு விருதுநகரில் சல்லிக்காசு கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

கிடைத்தது. சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸும் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியும் வைத்திருந்த ஒரு முதலாளி, சிங்கப்பூருக்குச் சுற்றுலா போனவர், அங்கே ஒரு மாலில் பின்பால் மெஷினைப் பார்த்து மயங்கிவிட்டார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"வெடிக்கு வருஷா வருஷம் கோர்ட்டுல ஒரு கண்டம் வருதும்மா. ஒரு மாத்து யாவாரம் வேணும். இந்தப் பொட்டிய இங்கன செய்ய முடியுமா?" என்றார்.

"முடியும் அண்ணாச்சி. ஆனா கைவேலை ரொம்ப."

"கைக்கா பஞ்சம்? நம்ம கம்பெனியில இருந்து பொம்பளையாளுகள அனுப்புறேன்."

நாரணாபுரம் போகிற ரோட்டில் காலண்டர் அடுக்கி வைக்கும் ஒரு பழைய குடோனைக் காலி செய்து கொடுத்தார். காலையில் கம்பெனி வேன் ஆறேழு பெண்களை அங்கே இறக்கிவிட்டு மற்றவர்களோடு பட்டாசு ஆலைக்குப் போகும். இறங்கியவர்களில் மூத்தவர் நாரணாபுரத்து அக்கா ஒருவர். மருந்து ரூமில் பட்டாசுக் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தவர். ஒரு கோடையில் அந்த ரூமில் தீப்பிடித்து, வாசலுக்கு அருகில் இருந்ததால் இவர் பிழைத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி வெளுத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பிழைக்கவில்லை. ஆறிய கையோடு மறுபடி அதே வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். வேறு எங்கே போவது?

வந்த புதிதில் ஒருநாள் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டே சொன்னார்: "முந்தியெல்லாம் காலையில வேன் ஏறும்போது பிள்ளைகள ஒருவாட்டி திரும்பிப் பாத்துட்டுத்தான் ஏறுவேன், மேடம். இங்கன வந்த பெறகு பாக்குறதே இல்ல. மறந்தே போயிருது."

அவர் அதை நகைச்சுவையாகத்தான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் என் தூக்கை மூடி வைத்துவிட்டேன். என் மெஷின் விலைபோனால் இந்த அக்கா மருந்து ரூமுக்குத் திரும்ப வேண்டாம். விலைபோகாவிட்டால் வேன் அவரைக் குடோனில் இறக்காமல் எம். புதுப்பட்டி ஆலைக்கே கொண்டுபோய்விடும். அன்று முதல் நான் பலகை வரைந்தது இதை மனதில் வைத்துத்தான். காயில் ஒன்று கூடினால் ஒரு கைக்கு வேலை கூடும் என்று கணக்குப் போட்டே தடைகளை வைத்தேன். சரவெடி போல வரிசையாகச் சாயும் தகடுகள், பந்து ஏறிச் சுற்றி வரும் ஒரு பாலம், தொட்டால் எட்டி உதைக்கும் மூன்று தூண்கள் என்று ஒரு தீபாவளித் தெருவையே அந்தப் பலகையில் போட்டேன்.

டிவி வேண்டும் என்று அண்ணாச்சி முதல் நாளிலேயே சொல்லிவிட்டார். எனக்கும் டிவிமேல் பகை இல்லை. ஆனால் அதை எங்கே, எப்போது பேச விடுவது என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. பந்து ஓடும்போது ஆடுகிறவர் கண் பந்தைவிட்டு நகராது. நகர்ந்தால் பந்து போய்விடும். அந்த நேரத்தில் தலைக்கு மேல் என்னதான் வாணவேடிக்கை காட்டினாலும் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறவருக்குத்தான் லாபம். அதனால் பலகையின் வலப்பக்கம் ஒரு குழி வைத்தேன். பந்து அதில் விழுந்தால் சற்று நேரம் அங்கேயே தங்கும். அந்த இடைவெளியில் மட்டும் டிவி பேசும்: அடுத்து சரவெடியை அடி, இல்லை பாலத்தில் ஏற்று. பேசி முடித்ததும் காயில் பந்தை வெளியே உதைத்துத் தள்ளும். நல்ல விருந்தாளி மாதிரி, பேச விட்டால் பேசும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்கும் டிவி. அப்படித்தான் நான் திட்டம் போட்டேன்.

பெண்கள் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சிக்கல், அவர்களுடைய பழக்கம். பட்டாசு ஆலையில் இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. இரும்புக் கருவி கூடாது. தலையில் ஊசி கூடாது. உள்ளே நுழையும்போது வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் குடோனில் செம்புத் தகடு கிடையாது. ஆனாலும் அவர்கள் நிலைக்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். திருப்புளியைக் கீழே வைக்கும்போது பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி சாக்கின் மேல் வைப்பார்கள். "இங்கன எதுவும் வெடிக்காதுக்கா, போட்டு உடைங்க" என்று நான் கேலி செய்வேன். சிரிப்பார்கள். மறுபடி சாக்கின் மேல்தான் வைப்பார்கள்.

முதல் மெஷின் முடிந்து ஓடியது. மட்டை பந்தை அடிக்கும் சத்தத்தில் குடோன் அதிர்ந்தது. நான் குதித்தேன். பெண்கள் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். பயம் தெளிய நாளாகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து, மால்களுக்கு மெஷின் வாங்கிக் கொடுக்கும் ஒருவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் ஒரு மின்சார உதிரிபாகம் வாங்க வேண்டியிருந்ததால் மதுரைக்குப் போனேன். நான் திரும்பி வருவதற்குள், சொன்ன நாளுக்கு முன்பே அவர் வந்துவிட்டார். பஸ்ஸைவிட்டு இறங்கிக் குடோனுக்குள் நுழையும்போது அண்ணாச்சி தானே கம்பியை இழுத்துப் பந்தை விட்டுக்கொண்டிருந்தார்.

பந்து மேலே போய் ஒரு தூணைத் தொட்டது. தொட்டு நின்றது. பிறகு சோம்பலாகக் கீழே உருண்டு வந்து இரண்டு மட்டைக்கும் நடுவில் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. தூண் உதைக்கவில்லை. சரவெடித் தகட்டில் பந்து பட்டால் சத்தமே இல்லை. பாலம் வரைக்கும் எந்தப் பந்தும் போகவில்லை. வந்தவர் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலைப்பெட்டியைப் பார்த்தார். அங்கே பூச்சட்டி வாணம் ஒன்று நிறம் மாறி மாறிப் பொங்கிக்கொண்டிருந்தது. ஆட்டம் இல்லாத நேரத்தில் ஓடட்டும் என்று நான் வரைந்ததுதான்.

"இது நல்லாருக்கே. இதையே பெருசா வச்சா என்ன?" என்றார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார்.

அவர்கள் போனதும் கண்ணாடியைக் கழற்றினேன். ஒவ்வொரு தகட்டின் பின்னாலும், ஒவ்வொரு தூணைச் சுற்றியும், சைக்கிள் ட்யூபை அளவாக வெட்டி ஒட்டியிருந்தது. மட்டையின் காயிலுக்குள் துணி திணித்திருந்தது. பந்தை ஏவும் ஸ்பிரிங் தளர்த்தப்பட்டிருந்தது. எல்லாம் படுசுத்தமான வேலை. ஒரு பிசிறு இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

"யாருக்கா இதச் செஞ்சது?"

அக்கா முன்னால் வந்தார். "நாங்கதான் மேடம். நீங்க போன பெறகு லைட்ட அணச்சுட்டு ஓட்டிப் பாத்தோம். அடியில நீலமாப் பொறி வந்துச்சு. இரும்பு வேற இரும்ப இடிக்குது. கண்ணால பாத்துட்டு எப்படி மேடம் சும்மா விட்டுப் போறது? ஊருல நாலு பிள்ளைக இத ஆடும்ல?"

பலகைக்கு அடியில் சுவிட்சுத் தகடுகள் தொட்டுப் பிரியும்போது வரும் பொறி அது. எல்லா மெஷினிலும் வரும். அதனால் ஒரு ஆபத்தும் கிடையாது. எனக்கு அது கண்ணிலேயே படாத ஒன்று. ஆனால் அவருக்கு? அந்த வெளுத்த கையை வைத்துக்கொண்டு நிற்கிறவரிடம் பொறியைப் பார்த்தால் கண்டுகொள்ளாதே என்று எந்த வாயால் சொல்வது? திட்ட வாயைத் திறந்தேன். திட்டவில்லை. அவரைக் காப்பாற்றுவதற்காக நான் செய்த மெஷினை, அவர் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காகச் சாகடித்திருந்தார். நான் ஒரு மூலையில் போய் உட்கார்ந்து அழுதேன். எல்லோரும் பயந்துபோய் எனக்கு டீ வாங்கி வந்தார்கள்.

ட்யூபையெல்லாம் பிய்த்து எடுத்துவிட்டு மறுநாள் அண்ணாச்சியைக் கூட்டி வந்து ஆட வைத்தேன். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். பந்து பாலத்தில் ஏறிச் சுற்றி வந்தபோது "ஏலே, வாலே, வாலே!" என்று பந்தைப் பார்த்துக் கத்தினார். கன்னம் சிவந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஆர்டர் குடுக்குறவன் டிவியத்தான கேட்டான்."

"அன்னைக்கு மெஷின் சரியா ஓடல அண்ணாச்சி. அதனாலதான் அவரு அதப் பாத்தாரு. இன்னொருக்கா அவரக் கூப்பிடுங்க."

"எதனால பாத்தா என்ன? சனம் எங்க பாக்குதோ அங்கதான் யாவாரம்."

வாழ்நாள் முழுக்கக் காலண்டர் விற்றவர். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் படங்களின் புது ஆல்பம் வெளியிடும்போது எந்தச் சாமி படத்தில் ஆளுடைய கண் நிற்கிறது என்று பார்த்து அச்சுக்குக் கொடுப்பவர். சுவரில் தொங்குகிற படமும் ஆடுகிற மெஷினும் ஒன்றில்லை என்று நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் தலைப்பெட்டி நிறைய ஒரு பெரிய டிவி வந்து இறங்கியது. டிவியின் அடியில் ஒரு பட்டையை வெறுமையாக விடச் சொன்னார். காலண்டரில் கடைப் பெயர் போட விடுவார்களே, அதே பட்டை. அதில் பிரியாணிக் கடையும் நகைக் கடையும் விளம்பரம் ஓட்டிக்கொள்ளலாமாம். சரி, தலைக்கு மேல்தானே, பலகை தப்பித்தது என்று விட்டுக்கொடுத்தேன்.

பலகையும் தப்பவில்லை. அடுத்த மெஷினில் பலகையின் நடுவை வெட்டி அங்கேயும் ஒரு டிவி பதிக்க வேண்டும் என்றார். வெளிநாட்டில் அப்படி வந்திருக்கிறதாம். வந்திருக்கிறதுதான். ஆனால் அங்கே கெட்டிக்காரர்கள் அதைச் சின்னதாக, ஓரமாக, பந்துக்கு வழிவிட்டு வைக்கிறார்கள். இவருக்கோ நட்டநடுவில் வேண்டும். டிவி இருக்கும் இடத்தின் அடியில் ஒரு காயில்கூட வைக்க முடியாது. தூண்கள் போயின. சரவெடி போனது. மரத்தில் உருளும்போது பந்துக்கு ஒரு பிடிப்பு இருக்கும். கண்ணாடியில் அது எண்ணெய்ச் சட்டியில் விழுந்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. காயில் பாதியானதால் கையும் பாதி போதும் என்றாகி, பாதிப் பெண்களைப் பட்டாசு ஆலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அக்காவை மட்டும் விட மாட்டேன் என்று சண்டை போட்டு நிறுத்தி வைத்தேன். அக்கா அதற்காக எனக்கு நன்றி சொல்லவில்லை. "அவுக போறாக, நான் மட்டும் இருக்கேனே" என்றுதான் புலம்பினார்.

கடைசியில் ஒருநாள், அண்ணாச்சி வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பெட்டிகள் துறைமுகத்திலிருந்து லாரியில் வந்தன. மற்ற பெண்களோடு சேர்ந்து அக்காதான் அட்டையைப் பிரித்தார். உள்ளே, கால் வைத்த ஒரு மேசை. மேசையின் மேல்பக்கம் முழுவதும் டிவி. தலைப்பெட்டியும் டிவி. பந்து படம். மட்டை படம். பலகை படம். பொத்தானை அமுக்கினால் படம் படத்தை அடிக்கிறது, ஸ்பீக்கர் சத்தம் போடுகிறது. அக்கா மேசையைக் கையால் தடவிப் பார்த்தார். குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல வயர் எங்கன மேடம் கட்டணும்?"

"கட்ட வேண்டாம்க்கா. அப்படியே பிளக்க மாட்டினா போதும்."

"திருகு?"

நான் பிரித்த அட்டையை மடிக்க ஆரம்பித்தேன். அக்கா எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த தெர்மோகோல் உருண்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அன்றைக்கே அண்ணாச்சியிடம் போனேன். அக்காவை ஸ்டிக்கர் ஒட்டவாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சியது என்றால் சும்மா இல்லை, கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஸ்டிக்கர பிரஸ்ஸுலயே ஒட்டிருவாங்கம்மா. அங்கன சீசன் நெருங்குது, ஆள் பத்தல. அந்தப் பொம்பள மருந்து செலுத்துறதுல கைதேர்ந்தவ. அவளுக்கு அங்கன என்ன குறை?"

நல்ல மனுஷன்தான் என்று ஊரில் சொல்வார்கள். கோயிலுக்குக் கொடுக்கிறார், பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கிறார். அவர் யாரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை. இடம் மாற்றினார், அவ்வளவுதான். இதைச் சொல்லி அவரை யாரும் குறை பேச முடியாது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆத்திரம்.

நானும் வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை. அப்பா படுக்கையில் கிடந்தார். என்னை அண்ணாச்சி அனுப்பவும் இல்லை. புது மேசைக்குப் படம் போட ஆள் வேண்டுமே. எங்கள் முதல் மெஷின் மோதும் சத்தத்தைப் பதிவு செய்து அதில் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். பிறகு, பந்து எங்கே மோதினாலும் பொறி பறக்க வேண்டும், ஜனங்களுக்கு அதுதான் பிடிக்கும் என்றார். ஒன்றோடு ஒன்று தொடவே தொடாத அந்த மேசையில், மஞ்சளும் நீலமுமாகப் பொறிகளை உட்கார்ந்து வரைந்தேன். ஒவ்வொன்றையும் சபித்துக்கொண்டே வரைந்தேன். மேசை நன்றாக விற்கிறது. நான்குவழிச் சாலை ஓட்டல்களில் சாப்பாடு வரும்வரை பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் பக்கத்தில் நின்று விளம்பரம் பார்க்கிறார்கள். மூன்றாவது நிமிஷத்தில் பிள்ளைகளுக்கு அலுத்துவிடுகிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒருநாள் காலை நாரணாபுரம் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே கம்பெனி வேனுக்காகப் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். கோபமாக இருப்பார், இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்த முகமாகவே வந்தார்.

"சாப்பிட்டீகளா மேடம்? அப்பா எப்படி இருக்காக?"

"அப்படியேதான்க்கா இருக்காரு. நீங்க எப்படி இருக்கீக?"

"இருக்கேன். போன வாரம் எங்க வீட்டுல எல்லாரும் திருச்செந்தூருக்குப் போனோம். போற வழியில ஓட்டல்ல உங்க பொட்டி நின்னுச்சு. எம் மக ஆடுனா. நான் அதத் தொட்டுக் காமிச்சு, நம்ம மேடம் செஞ்சதுன்னு சொன்னேன்."

"எப்படிக்கா இருந்துச்சு?" என்றேன். அதைவிடக் கேவலமான கேள்வி வேறு இருக்க முடியாது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீக. அம்புட்டு அழகா இருக்கு. ஆனா..." என்று நிறுத்தி, வேன் வருகிற திசையைப் பார்த்தார். குரலில் குத்தல் இல்லை. சோற்றில் உப்பு ஒரு கல் குறைகிறது என்று சொல்கிற குரல்தான். "அதுல எங்களுக்கு ஒரு வேல வைக்க மறந்துட்டீகளே மேடம்."

வேன் வந்து நின்றது. அக்கா ஓடிப்போய் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வேன் திரும்பும்போது வீடுகள் இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பி, தெரு மறையும்வரை பார்த்துக்கொண்டே போனார்.